பழைய வார்டை சி.ரி. அறையாக்குவது, பக்கத்தில் எம்.ஆர்.ஐ.: ஈயம் எங்கே வேணும், எங்கே வேண்டாம்? (திருகோணமலை)

#1 உவர்மலை_ரிஓ

வணக்கம். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் இருக்கிற பழைய கட்டிடம். கீழ்த்தளத்து வார்டு ஒன்றை 64 துண்டு சி.ரி. ஸ்கேனுக்கு மாற்ற வேணும். உள்ளளவு 7.2 × 5.4 மீற்றர், உயரம் 3.6. சுவர் 340 மி.மீ. செங்கல், சுண்ணாம்புப் பூச்சு. தரை சிவப்புச் சீமெந்து. மேல்மாடித் தளம் மரப்பலகை, அங்கே டொக்டர்மார் தங்குகிற அறை. ஒரு பக்கம் நோயாளர் காத்திருக்கும் விறாந்தை. மற்றப் பக்கம் களஞ்சிய அறை, அதில் பின்னர் 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. வைக்கிற எண்ணம்.

மதிப்பீட்டில் நாலு சுவருக்கும் 2.1 மீற்றர் உயரத்துக்கு 2 மி.மீ. ஈயத்தகடு என்று வந்திருக்கிறது. சீலிங்குக்கு ஒன்றும் இல்லை. இது சரியா? வேறு எதைக் கவனிக்க வேணும்? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கோ.

#2 ஈயம்_207

தம்பி, மதிப்பீடு தலைகீழாக இருக்கிறது. ஈயம் தேவையில்லாத இடத்தில் போட்டு, தேவையான இடத்தை விட்டிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கோ. வாரத்துக்கு 60 உடல் ஸ்கேன், 40 தலை ஸ்கேன் என்று வைப்போம். என்.சி.ஆர்.பி. 147 (அமெரிக்கக் கதிர்ப் பாதுகாப்புச் சபையின் அறிக்கை) முறைப்படி ஒரு உடல் ஸ்கேன் 1 மீற்றரில் சிதறவிடுவது ஏறத்தாழ 0.2 மில்லிகிறே, தலைக்கு 0.11. (கிறேயும் சீவேர்ட்டும் கதிரை அளக்கிற அலகுகள், இந்தக் கணக்கில் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கலாம்.) மொத்தம் வாரத்துக்கு 16 மில்லிகிறே அளவு. சுவருக்கு அப்பால், ஸ்கேன் மையத்திலிருந்து 3 மீற்றர் தூரத்தில், அது 1.8 ஆகிவிடும். பொதுமக்களுக்கான எல்லை வருடத்துக்கு 1 மில்லிசீவேர்ட், வாரக் கணக்கில் 0.02. ஆக 1.8ஐ 0.02க்குக் கொண்டுவர வேணும், தொண்ணூறில் ஒரு பங்கு. 120 கிலோவோல்ற்றில் அதற்கு 1.1 முதல் 1.2 மி.மீ. ஈயம், அல்லது 106 மி.மீ. சாதாரண கொங்கிறீற் போதும்.

உங்கள் சுவர் 340 மி.மீ. செங்கல். அது கட்டிச் செங்கலாக (உள்ளே ஓட்டை இல்லாதது) இருந்தால், அடர்த்தி 1.7 என்று எடுத்தாலும் 245 மி.மீ. கொங்கிறீற்றுக்குச் சமம். தேவையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதன் மேல் 52.9 சதுர மீற்றர் ஈயம் ஒட்டுவது என்றால் 1,200 கிலோ ஈயம். (1 மி.மீ. ஈயம் சதுர மீற்றருக்கு 11.34 கிலோ.)

மரத்தளம் கதிரை மறிக்காது. மேலே இருப்பவர் ஸ்கேன் மையத்திலிருந்து 3.2 மீற்றர் தூரத்தில்தான் இருக்கிறார். அவருக்கு மேலே சொன்ன அதே 1.1 மி.மீ. வேணும். ஆகவே சுவர் ஈயத்தை வெட்டிவிட்டு சீலிங்குக்கு 1.5 மி.மீ. போடுங்கோ. 39 சதுர மீற்றர், 660 கிலோ அளவு. செலவு குறைந்து பாதுகாப்பும் சரியாகும்.

இது வழிகாட்டும் கணக்கு மட்டும். அனுமதிக்குப் போகிற வரைபடத்தில் மருத்துவ பௌதிகவியலாளர் உங்கள் இயந்திரத்தின் சிதறல் வரைபடத்தை வைத்துப் போட்ட கணக்கும் கையொப்பமும் வேணும். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டேலாது. சுவரைத் தொடமுன்னம் அனுமதிக்கான கோப்பைத் தொடங்குங்கோ.

#3 உவர்மலை_ரிஓ

நன்றி சேர். மேல்மாடியைக் காலி செய்து கோப்புக் களஞ்சியமாக்கினால் சீலிங் ஈயம் தேவைப்படாதா?

#4 ஈயம்_207

குறையும், இல்லாமல் போகாது. ஆள் எப்போதாவது வந்துபோகிற இடத்துக்கு இருபதில் ஒரு பங்கு நேரம் என்று எடுக்கலாம். அப்போதும் கால் மி.மீ. ஈயம் வேணும், மரப்பலகை அதைத் தராது. அதோடு இன்றைக்கு களஞ்சியம், மூன்று வருடத்தில் இடநெருக்கடி வந்தால் திரும்பவும் ஒருவர் மேசை போட்டு உட்காருவார். முழு நேர ஆள் இருப்பதாகவே கணக்குப் போடுங்கோ.

#5 கிண்ணியா_சிவில்

சேர் சொன்ன சீலிங் ஈயத்தை மரத் துலாவில் தொங்கவிடாதீங்க. ஈயம் சதுர மீற்றருக்கு 17 கிலோ, பிளைவுட்டும் சட்டமும் சேர்ந்தால் 30 வரும். பழைய துலாக்கள் சுவருக்குள் போகிற முனையில்தான் கறையானும் உக்கலும் இருக்கும், வெளியே தட்டிப் பார்த்தால் தெரியாது. சுவரிலிருந்து சுவருக்கு, 5.4 மீற்றர் பக்கமாக, தனி இரும்புத் துலா போட்டு அதில் சட்டம் கட்டுங்க. சுவரில் துலா இருக்கிற இடத்தில் கொங்கிறீற் பட்டை வேணும். சுண்ணாம்புச் சாந்துச் செங்கல் புள்ளிப் பாரத்தைத் தாங்காது, நொறுங்கும்.

ஈயத்தைத் தனித் தகடாக ஆணியடித்துத் தொங்கவிட்டால் சொந்தப் பாரத்திலேயே காலப்போக்கில் இழுபட்டு, ஆணியடித்த இடத்தில் கிழியும். தொழிற்சாலையில் பிளைவுட்டோடு ஒட்டி வருகிற பலகையை வாங்குங்க. இரண்டு பலகை சேரும் இடத்துக்குப் பின்னால் 50 மி.மீ. ஈயப் பட்டி. திருகாணித் தலைக்கு மேல் ஈயப் பொட்டு. புதுச் சீமெந்து ஈயத்தை அரிக்கும், தொடுகிற இடத்தில் பிற்றுமன் பூச வேணும்.

இனித் தரை. கான்ட்ரி (ஸ்கேனின் வளையப் பகுதி) மட்டும் 2 தொன் அளவு, மேசை அரைத் தொன், அதில் 200 கிலோ ஆள் படுப்பார். சிவப்புச் சீமெந்துத் தரைக்குக் கீழே பெரும்பாலும் 75 மி.மீ. சல்லிச் சாந்தும் மணலும்தான். அதில் நங்கூர போல்ட் பிடிக்காது. முழுத்தரையையும் உடைத்து 450 மி.மீ. தோண்டுங்க. 150 மி.மீ. படைபடையாக நிரப்பி இறுக்கி, 50 மி.மீ. மெலிந்த கொங்கிறீற், அதன்மேல் பொலித்தீன் இரட்டையாக, பிறகு 200 மி.மீ. கொங்கிறீற் பலகம், மேலும் கீழும் 12 மி.மீ. கம்பி 150க்கு ஒன்று.

உங்கள் அளவுக்கு 7.8 கன மீற்றர். 1:1½:3 கலவையில் 62 பக்கற் சீமெந்து வரை போகும். ஆற்று மணல் மட்டும். கடல் மணலில் உப்பு இருக்கும், கம்பியைத் தின்றுவிடும். ஒரே நாளில், இடையில் நிறுத்தாமல் போடுங்க. கியூப் ஆறு எடுத்து 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பார்க்கணும். 28 நாளுக்கு முன் போல்ட் துளை போட விடாதீங்க.

மட்டம்தான் மிச்சம். 3 மீற்றர் மட்டப்பலகை வைத்தால் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி காட்டக்கூடாது. இயந்திரக்காரர் கீழே தகடு வைத்துச் சரிக்கட்டுவார்கள், ஆனால் அவர்களுக்கும் ஒரு எல்லை உண்டு.

#6 கிண்ணியா_சிவில்

இன்னொன்று விட்டுப்போச்சு, கேபிள் கான். பலகத்துக்குள் 300 × 150 மி.மீ. கான் விடுகிறது வழக்கம். ஆனா நம்ம கரையில் கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் நிலத்தடித் தண்ணீர் மேலே வரும். கானின் அடி பலகத்தின் அடியை விடக் கீழே போனால் வாடைக்கு அதில் தண்ணீர் நிற்கும். கானைப் பலகத்துக்குள்ளேயே அடக்குங்க, அந்த இடத்தில் மட்டும் பலகத்தைக் கீழ்நோக்கித் தடிப்பாக்குங்க. இல்லையென்றால் கேபிளைச் சுவர் வழியாகப் பெட்டிக்குள் கொண்டுபோகலாமா என்று இயந்திரக்காரரிடம் கேளுங்க. தரைக்கு மேலே போகிற கேபிள் கண்ணுக்குத் தெரியும், தண்ணீரில் கிடக்காது.

#7 புல்மோட்டைப்பக்கம்

சுவர் ஓட்டைகளை மூடவும் பூச்சுக்கும் புல்மோட்டைக் கறுப்பு மணலைச் சேர்த்தால் என்ன? இல்மனைற் அடர்த்தி கூடினது என்கிறார்கள். வெளிநாட்டில் கதிர்த் தடுப்புக் கொங்கிறீற்றுக்கு அதைப் பாவிக்கிறதாகக் கேள்வி. ஈயமும் பேரியமும் இறக்குமதி, இது கைக்கெட்டின தூரம்.

#8 ஈயம்_207

கேள்வி நல்லது. இல்மனைற் அடர்த்தி 4.7 அளவு, அதை வைத்துக் கனக் கொங்கிறீற் செய்வது உண்மை. ஆனால் கரையில் அள்ளுகிற மணல் தனி இல்மனைற் இல்லை. ரூட்டைல், சிர்கோன், கொஞ்சம் மொனசைற் எல்லாம் கலந்தது. மொனசைற்றில் தோரியம் உண்டு, அது தானே கதிர் வீசும். கதிரை மறிக்கப் பூசின சுவரே அளவுமானியைக் கூட்டிக் காட்டினால் பிறகு எந்த வாசிப்பை நம்புவது? பிடிக்கொரு கலவை மாறுவதால் அடர்த்தியும் ஒரே சீராக வராது. கடலுப்பு வேறு.

சி.ரி.யின் சக்தியில் பேரியம் இரும்புத் தாதுவை விடத் தடிப்புக்குத் தடிப்பு நன்றாக உறிஞ்சும். ஆகவே பூச்சு என்றால் பரைற்று (பேரியத் தாது) கலந்த பூச்சுத்தான்.

#9 கூண்டு_64

எம்.ஆர்.ஐ. பக்கத்திலிருந்தும் ஒரு காரணம். கறுப்பு மணலில் காந்தம் இழுக்கிற துணிக்கை உண்டு. சி.ரி. அறைச் சுவரில் பூசினது உதிர்ந்து, செருப்போடு பக்கத்து அறைக்குள் போய் காந்தத்தின் குழலுக்குள் ஒட்டினால் படம் அந்த இடத்தில் வளையும். வீட்டு முற்றத்தில் காந்தத்தைத் தேய்த்தால் மீசை மாதிரி ஒட்டுமே, அதேதான்.

#10 உவர்மலை_ரிஓ

பரைற்றுப் பூச்சா ஈயமா என்று ஒரு பேச்சு இங்கேயும் நடக்கிறது. பூச்சு மலிவு என்கிறார்கள்.

#11 கிண்ணியா_சிவில்

மலிவுதான், ஆனா மேசன் பாஸின் கையில் இருக்கிறது. 20 மி.மீ. என்று எழுதினால் ஒரு மூலையில் 12, ஒரு மூலையில் 28 வரும். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் பாரத்தில் சறுக்கி, காய்ந்ததும் மயிர் வெடிப்பு விடும். 8 மி.மீ. படையாக, ஒவ்வொன்றையும் கீறிவிட்டு, நனைத்துக் காயவிட்டுப் பூச வேணும். தடிப்பு காட்டுகிற பொட்டுகளை மீற்றருக்கு ஒன்று வைத்துப் படம் எடுத்து வையுங்க. சுண்ணாம்புப் பூச்சின் மேல் பூசவே கூடாது, அதோடு சேர்ந்து கழன்று வரும். செங்கல் தெரிய உரித்துத்தான் பூசணும். கதவு, கண்ணாடி, சீலிங் இவைக்கு ஈயம். செங்கல் சுவரில் குறை இருக்கிற துண்டுக்கு மட்டும் பூச்சு. என் எண்ணம் அது.

#12 கதிரறை_அக்கா

சுவருக்குள் எல்லாரும் நிற்கிறீர்கள். அறைக்குள் வேலை செய்கிற ஆட்களின் பக்கமும் கொஞ்சம் பாருங்கோ.

கொன்சோல் (இயந்திரத்தை இயக்குகிறவர் இருக்கிற இடம்) கண்ணாடி வழியாக நோயாளியின் முகம் தெரிய வேணும், கான்ட்ரியின் முதுகு தெரிந்து பிரயோசனம் இல்லை. இயந்திரத்தைச் சுவருக்குச் சமாந்தரமாக வைக்காமல் கோணமாக வைத்தால் குழலுக்குள் தலை முதல் கால் வரை தெரியும். கான்ட்ரிக்குப் பின்னாலும் ஒருவர் நடக்க இடம் விடுங்கோ. மயக்க மருந்து கொடுக்கிறவர் அங்கேதான் நிற்பார்.

கதவு தெளிவாக 1.3 மீற்றர். கட்டிலோடு, சேலைன் தண்டோடு, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து வருவார்கள். 2 மி.மீ. ஈயத்தோடு அந்தக் கதவில் ஈயம் மட்டும் 62 கிலோ. சாதாரணப் பிணைச்சல் போட்டால் சில மாதத்தில் கதவு இறங்கிக் கீழே தேயும், மேல் மூலையில் வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியாகக் கதிர் வரும். தள்ளுகதவு போட்டால் துளையை விட ஒவ்வொரு பக்கமும் 100 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். சட்டத்துக்குப் பின்னாலும் ஈயம் சுற்றி வர வேணும், அதைத்தான் எல்லாரும் மறக்கிறது.

ஒட்சிசனும் உறிஞ்சியும் மேசையின் தலைப்பக்கமும் கால்பக்கமும் இரண்டு இடத்தில். ஊசிமருந்து ஏற்றும் இயந்திரத்துக்குத் தரையில் வயர் இழுபடாமல் சீலிங் கொழுக்கி, அந்த இடத்துக்கு ஈயப் பலகைக்கு மேலே இரும்புத் தகடு முன்கூட்டியே. சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான் உள்ளே இரண்டு, கொன்சோலில் ஒன்று. கைகழுவும் தொட்டி அறைக்குள், ஆனால் கேபிள் கான் இருக்கிற பக்கத்தில் வேண்டாம்.

தூசி. பக்கத்து வார்டில் நோயாளிகள் இருக்கும்போது சுவர் உடைப்பதென்றால் தரை முதல் கூரைவரை பொலித்தீன் மறைப்பு, இரட்டைத் திரை, வெளியே இழுக்கிற விசிறி. பழைய சுவர்த் தூசியில் பூஞ்சணம் இருக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நெஞ்சுக்கு அது மோசம். இதை மதிப்பீட்டில் தனி வரியாகப் போடாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

#13 நிலாவெளி_வயர்

மின்சாரம். 100 கேவிஏ என்று கையேட்டில் இருக்கும். 400 வோல்ற்றில் 144 அம்பியர். அது சில செக்கன் மட்டும் இழுக்கிற உச்சம். ஆனால் அந்தச் சில செக்கனில் வோல்ற்றேஜ் விழுந்தால் ஸ்கேன் இடையில் நிற்கும், நோயாளிக்குத் திரும்பவும் கதிர் கொடுக்க வேண்டிவரும். பிரதான பலகையிலிருந்து தனிக் கேபிள், இடையில் வேறு ஒன்றும் தொடுக்கப்படாது. 80 மீற்றர் தூரம் என்றால் 35 சதுர மி.மீ. செப்பில் 13 வோல்ற் விழும். 70 போட்டால் 7. வித்தியாசம் ஒரு தடவைச் செலவு. 70 போடுங்கோ.

எர்த் 2 ஓமுக்குக் கீழே கேட்பார்கள், சிலர் 1. இங்கேதான் எங்கள் ஊர்ப் பிழை நடக்கிறது. மார்கழியில் மண் ஊறிக் கிடக்கும்போது அளந்து 1.5 என்று எழுதிவிடுவார்கள். ஆவணியில், கச்சான் அடித்து மணல் புழுதியாகப் பறக்கும்போது அதே குழியை அளந்தால் வேறு இலக்கம் வரும். உவர்மலைப் பக்கம் கொஞ்சம் தோண்டினால் பாறை. ஆகவே வறண்ட மாதத்தில் அளந்து, அதற்குப் போதுமான தண்டுகளைப் போடுங்கோ. தண்டுக்குத் தண்டு இடைவெளி தண்டின் நீளத்துக்குக் குறையக்கூடாது, கிட்டக் கிட்ட அடித்தால் எண்ணிக்கை கூடுமே தவிர ஓம் குறையாது.

சாதாரண 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சை இயந்திரத்தின் பிரதான வழியில் போடாதீர்கள். உள்ளே இருக்கிற வடிகட்டிகளின் கசிவிலேயே விழும். கையேட்டில் சொன்ன வகையை மட்டும் போடுங்கோ. இடிமின்னல் தடுப்பான் பிரதான பலகையிலும் அறைப் பலகையிலும் இரண்டு படியாக. ஜெனரேற்றர் மாறுகிற அந்த 10, 15 செக்கனுக்குக் கணினிப் பகுதிக்காவது யூபிஎஸ் வேணும்.

#14 பாலையூற்று_கூலிங்

ஏசி பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சி.ரி.யின் வெப்பம் 8 முதல் 10 கிலோவோற். 36,000 பிரியூ ஏசி இரண்டு, ஒவ்வொன்றும் தனியாக முழுச் சுமையையும் தாங்கும் அளவில். ஒரு கிழமை ஒன்று, அடுத்த கிழமை மற்றது.

இரவில் கரண்ட் மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்துகிற பழக்கம் இந்த அறையில் கூடவே கூடாது. எங்கள் காற்றின் பனிநிலை (ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்குகிற வெப்பநிலை) வாடை காலத்தில் 24 பாகை அளவுக்கு நிற்கும். குளிர்ந்துபோன இயந்திரத்தில் அந்தக் காற்றுப் பட்டால் குளிர்ந்த சோடாப் போத்தல் மாதிரி வேர்க்கும். அது டிடெக்டருக்குள் (கதிரைப் பிடிக்கிற பகுதி) நடந்தால் படத்தில் வளையம் வளையமாக வரும். 24 மணி நேரமும் ஓட வேணும், ஈரப்பதன் 60க்கு மேல் போகாமல்.

உட்புற அலகை கான்ட்ரிக்கு மேலே மாட்டாதீர்கள். வடிகுழாய் மீற்றருக்கு 10 மி.மீ. சரிவு. பாசி பிடித்து அடைத்தால் தண்ணீர் நேரே கீழே விழும், கீழே இருப்பது எது என்று பார்த்து மாட்டுங்கோ.

வெளி அலகுதான் கடற்கரையின் பெரிய செலவு. செப்புக் குழாயும் அலுமினியச் செதிலும் தொடுகிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரிபடும். செதில் வெள்ளை மாவாக உதிரும். பூச்சுப் பூசிய செதில் உள்ளதை வாங்குங்கோ, கடலுக்கு முதுகு காட்டுகிற பக்கச் சுவரில் வையுங்கோ, மாதம் இரண்டு தடவை நல்ல தண்ணீரால் கழுவ ஒரு குழாய் பக்கத்திலேயே போடுங்கோ. குழாய் இல்லாவிட்டால் கழுவமாட்டார்கள்.

#15 உவர்மலை_ரிஓ

எல்லாருக்கும் நன்றி. எம்.ஆர்.ஐ. பின்னர்தான் என்றாலும், இப்போதே செய்து வைக்க வேண்டியது என்ன?

#16 கூண்டு_64

முதலில் இடம். எம்.ஆர்.ஐ.க்கு ஈயம் வேண்டாம். அதற்கு வேணும் என்பது தூரமும் செப்பும்.

1.5 டெஸ்லாக் காந்தத்தின் 0.5 மில்லிதெஸ்லாக் கோடு (புலம் அந்த அளவுக்குக் குறைகிற எல்லை) மையத்திலிருந்து பக்கவாட்டில் 2.5, நீளவாக்கில் 4 மீற்றர் அளவுக்குப் போகும். அது அறைக்குள், அல்லது பூட்டிய இடத்துக்குள் முடிய வேணும். பேஸ்மேக்கர் வைத்தவர் விறாந்தையில் தெரியாமல் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. மேலேயும் கீழேயும் அதே கணக்கு, டொக்டர்மார் அறையை மறக்க வேண்டாம். சி.ரி. இயந்திரத்துக்கு எல்லை இன்னும் கடுமை, 0.1 மில்லிதெஸ்லா. அந்தக் கோடு நீளவாக்கில் 6 மீற்றர் அளவு போகும். ஆகவே காந்தத்தின் நீளப் பக்கம் சி.ரி. அறையைப் பார்க்கக்கூடாது. களஞ்சியத்தின் வெளிச்சுவரோடு வாகனத் தரிப்பிடம் இருந்தால் இப்போதே மாற்றுங்கோ. அசைகிற இரும்பு, முக்கியமாக லொறியும் அம்புலன்சும், காந்தப்புலத்தின் சீரைக் குலைக்கும்.

சி.ரி.க்குத் தரை போடும்போதே களஞ்சியத் தரையையும் போடுகிற ஆசை வரும். போடாதீர்கள். காந்தத்துக்குக் கீழே சதுர மீற்றருக்கு எத்தனை கிலோ கம்பி, எந்த ஆழத்தில் என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் எல்லை வைத்திருப்பார். மாதிரி முடிவாக முன்னம் கம்பி கட்டினால் பிறகு உடைக்க வேண்டிவரும்.

அடுத்தது கூண்டு. ஆறு பக்கமும் செப்பு, தரை உட்பட. வெளியிலிருந்து வருகிற 64 மெகாஹேர்ட்ஸ் ரேடியோ அலையை 90 முதல் 100 டெசிபல் வரை குறைக்க வேணும். 100 என்றால் இலட்சத்தில் ஒரு பங்கு. உள்ளே போகிற ஒவ்வொரு வயரும் ஃபில்ட்டர் பெனல் (அலையை வடிக்கிற தட்டு) வழியாக, ஒவ்வொரு குழாயும் வேவ்கைட் (அலையை உள்ளே விடாத உலோகக் குழல்) வழியாக. வேவ்கைட்டின் நீளம் விட்டத்தைப் போல நாலு மடங்குக்குக் குறையாமல். எர்த் ஒரே ஒரு புள்ளியில். அதைத் தொடுக்க முன்னம் கூண்டுக்கும் கட்டிட எர்த்துக்கும் இடையில் 1,000 ஓமுக்கு மேல் காட்ட வேணும். தரை ஈரமாக இருந்தால் இந்தச் சோதனை தோற்கும், ஏனென்று தெரியாமல் நாள்கணக்கில் தேடுவார்கள்.

பொதுவாகக் காண்கிற பிழை ஒன்று: அலுமாரிக்காரர் கூண்டுச் சுவரில் ஒரு திருகாணி ஏற்றுவார். அது செப்பைத் தாண்டி வெளிச் சுவரின் கம்பியைத் தொடும். அவ்வளவுதான், படத்தில் புள்ளிக்கோடு ஜிப் மாதிரி ஓடும். அதனால் அலைச் சோதனை இரண்டு தடவை. கூண்டு முடிந்ததும் ஒன்று, காந்தம் உள்ளே போய் சுவர் மூடி அலங்கார வேலை எல்லாம் முடிந்ததும் ஒன்று. முதல் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் சுவர்ப் பலகை அடிக்க விடாதீர்கள்.

கதவைச் சுற்றியிருக்கிற மெல்லிய செப்பு விரல்கள் உப்புக் காற்றில் கறுக்கும். மாதம் ஒருமுறை அற்ககோலால் துடைக்க வேணும். தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. தண்ணீர் விளிம்பால் இறங்கினால் செப்புக்குக் கீழே உள்ள பலகை ஊதிவிடும்.

#17 புல்மோட்டைப்பக்கம்

எம்.ஆர்.ஐ. காந்தத்தைக் குளிர வைக்கிற ஹீலியம் வெளியே போகிற குழாய் கட்டாயமா? புது இயந்திரங்களில் அது இல்லையென்று சொல்லுகிறார்களே.

#18 கூண்டு_64

மாதிரியைப் பொறுத்தது. 2018இல் பிலிப்ஸ் கொண்டுவந்த மூடிய 1.5 டெஸ்லாக் காந்தத்தில் 7 லீற்றர் ஹீலியம்தான், அதற்குக் குழாய் தேவையில்லை. வழக்கமான காந்தத்தில் 1,500 லீற்றருக்கு மேல் இருக்கும். ஒரு லீற்றர் திரவம் 750 லீற்றர் வாயுவாகும். 1,500 என்றால் 1,100 கன மீற்றருக்கு மேல். உங்கள் சி.ரி. அறையே 140 கன மீற்றர் அளவுதான். குழாய் அடைத்திருந்தால் அந்த வாயு அறைக்குள் வந்து ஒட்சிசனைத் தள்ளிவிடும், அழுத்தத்தில் உள்நோக்கித் திறக்கிற கதவைத் திறக்கவே முடியாது. ஆகவே கதவு வெளிநோக்கித் திறக்கட்டும், அல்லது சீலிங்கில் அழுத்தம் விடுகிற வழி இருக்கட்டும். ஒட்சிசன் அலாரமும் அவசர விசிறியும். விசிறிக்குப் பல தயாரிப்பாளர்கள் கேட்பது நிமிடத்துக்கு 34 கன மீற்றர்.

எந்த மாதிரி என்று தெரியாத நிலையில், வெளிச்சுவரில் குழாய்க்கு ஒரு வழியை ஒதுக்கி வையுங்கோ. குழாய் காந்தமாகாத ஸ்ரெயின்லஸ் அல்லது அலுமினியம், விட்டம் நீளத்தையும் வளைவையும் பார்த்து அட்டவணையிலிருந்து. வளைவு கூடக் கூட விட்டம் பெருக்கும். உள்ளே போகிற துண்டு முழுக்கக் காப்புறை சுற்ற வேணும். வெறும் குழாயில் காற்றே திரவமாகிச் சொட்டும், அதில் ஒட்சிசன் கூடுதல்.

வெளிவாய் வாடைக்கு முகம் கொடுக்கக்கூடாது. வட கீழ் மழை கிடையாக அடித்து உள்ளே போய் நிற்கும், ஹீலியம் வருகிற நேரம் அது பனிக்கட்டியாகிக் குழாயை அடைக்கும். வாய் கீழ்நோக்கி, வலையோடு. குளவியும் அணிலும் கூடு கட்டும், வருடம் இரண்டு தடவை திறந்து பார்க்க வேணும். கீழே வேலி. எங்கள் ரவுணில் மான்கள் நிழல் தேடி எங்கேயும் படுக்கும், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கிற இயந்திரம்) வைக்கிற மூலையும் அவற்றுக்கு விருப்பமான இடம்தான்.

#19 பாலையூற்று_கூலிங்

சில்லருக்கு இப்போதே இடமும் ஜெனரேற்றர் கொள்ளளவும் ஒதுக்குங்கோ. எம்.ஆர்.ஐ.யின் குளிர்க் கொம்பிரசர் ஸ்கேன் இல்லாவிட்டாலும் இரவு பகலாக ஓடும், 7, 8 கிலோவோற். அதன் வெப்பத்தை எடுக்கிற சில்லர் நின்றால் அது நிற்கும், பிறகு வழக்கமான காந்தத்தில் ஹீலியம் ஆவியாகத் தொடங்கும். ஜெனரேற்றர் பட்டியலில் "ஸ்கேன் நேரத்தில் மட்டும்" என்று எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கோ. சில்லர் நின்றால் நகரத் தண்ணீரால் கொம்பிரசரைக் குளிர்விக்கிற மாற்றுக் குழாயும் ஒரு வால்வோடு இருக்கட்டும்.

#20 கிண்ணியா_சிவில்

காந்தம் 4, 5 தொன். கதவால் வராது. களஞ்சியத்தின் வெளிச்சுவரில் 2.7 × 2.7 மீற்றர் திறப்புக்கு இப்போதே மேல்துலா போட்டு, உள்ளே மெல்லிய சாந்தில் செங்கல் அடைத்து வையுங்க. தேவைப்படும்போது உடைத்து, பிறகு மூடலாம். ஏ6 வீதியால் ஹபரணை, கந்தளாய் வழியாக வருகிற லொறி வாசல் வரைக்கும் வரும். பிரச்சினை வாசலுக்குள்தான். கிறேன் கால் ஊன்றுகிற இடத்தில் மலக்குழியோ பழைய கானோ இருக்கா என்று குத்திப் பாருங்க. சி.ரி. கான்ட்ரிக்கும் அதே மாதிரி: 2 மீற்றர் உயரம், 1 மீற்றர் ஆழம், சில்லு வைத்து நீளவாக்கில் உருட்டுவார்கள். நேரே வந்துவிடும், திரும்புகிற மூலையில் சிக்கும். அறைக் கதவின் சட்டத்தை இயந்திரம் உள்ளே போன பிறகு போடுங்க.

#21 உவர்மலை_ரிஓ

விறாந்தைப் பக்கச் சுவரின் பூச்சை உரித்தோம். நடுவில் பழைய கதவு ஒன்றை மூடின இடம் இருக்கிறது, 1.0 × 2.1 மீற்றர், உள்ளே ஓட்டையுள்ள சீமெந்துக் கல், 150 மி.மீ. மற்ற இடம் கட்டிச் செங்கல்தான். ஒரு கல்லைக் கழற்றி உலர்த்தி நிறுத்தோம்: 220 × 105 × 65 மி.மீ., 2.6 கிலோ. கூரைக்குக் கிட்ட 200 × 200 காற்றுத்துளை நாலும் இருக்கிறது.

#22 ஈயம்_207

ஒன்றரை லீற்றர் கல் 2.6 கிலோ, ஆக 1.73. சாந்தின் அடர்த்தியும் கிட்டத்தட்ட அதே அளவு என்று எடுத்தால் சுவர் 250 மி.மீ. கொங்கிறீற்றுக்குச் சமம். அது தேறிவிட்டது.

பழைய கதவு இடம் தேறாது. ஓட்டைக் கல்லில் கதிர் பார்ப்பது இரண்டு மெல்லிய தோலைத்தான், மொத்தம் 60, 70 மி.மீ. இருக்கும். விறாந்தையில் நோயாளர் இருக்கிற வாங்கையும் (பெஞ்ச்) அந்த இடத்துக்கு நேரேதான் போடுவார்கள். ஈயத்தால் மூடுவதென்றால் ஈயம் திறப்பை விடச் சுவரின் தடிப்பு அளவுக்குச் சுற்றிலும் கூட நிற்க வேணும், இல்லாவிட்டால் கதிர் சரிவாக நுழைந்து விளிம்பால் வெளியேறும். இரண்டு பக்கமும் 340, மேலே 340: அகலம் 1.68, உயரம் 2.44. 2 மி.மீ. தகட்டில் 93 கிலோ.

#23 கிண்ணியா_சிவில்

அதை விட உடைத்துக் கட்டுவது லேசு தம்பி. ஓட்டைக் கல்லை முழுக்க எடுங்க. இரண்டு பக்க விளிம்பிலும் நாலு வரிசைக்கு ஒன்று பழைய செங்கலில் பல் வெட்டி, புதுக் கட்டிச் செங்கலை அதில் பிணைத்து 340 தடிப்புக்கே கட்டுங்க. நிலைக்குத்து இடைவெளியிலும் சாந்து நிறையணும், வெளி விளிம்பில் மட்டும் பூசி உள்ளே வெறுமையாக விடுகிற பழக்கம் இங்கே ஆகாது. கடைசி வரிசைக்கும் பழைய மேல்துலாவுக்கும் இடையில் சாந்து சுருங்கி 5 மி.மீ. வெடிக்கும். ஒரு கிழமை விட்டு, வறண்ட சாந்தை இறுக்கி அடைக்கணும். காற்றுத்துளை நாலுக்கும் அதே கல், அதே சாந்து.

#24 ஈயம்_207

நானா சொன்னதைச் செய்யுங்கோ. பூசமுன்னம் படம் எடுத்து, அந்தத் திறப்பின் நாலு விளிம்பையும் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளந்து வரைபடத்தில் குறியுங்கோ. இயந்திரம் வந்தபின் 320 மி.மீ. உருளையை மேசையில் வைத்து அதிகூடிய கிலோவோல்ற்றில் ஓட்டி, சுவருக்கு அப்பால் 300 மி.மீ. தள்ளி அளப்பார்கள். அப்போது அளவுமானியை அந்த விளிம்புகளில், காற்றுத்துளை மூடின இடங்களில், கதவின் மேல் மூலையில், மேல்மாடியில் சீலிங் பலகை சேர்கிற கோடுகளுக்கு நேரே வைக்கச் சொல்லுங்கோ. சுவரின் நடுவில் மட்டும் அளந்துவிட்டுப் போக விடாதீர்கள்.